புதன்கிழமை அக்கா

இரண்டு கிண்ணமும் ஒன்றாக வர வேண்டும். அந்த அக்கா போட்ட ஒரே நிபந்தனை அதுதான். ஒன்று முன்னே, ஒன்று பின்னே என்று கொண்டுபோய் வைத்தால் முகம் சுருங்கிவிடும். சரி, ஒன்றாக வந்த பிறகு என்ன செய்வார் என்றால், ஒன்றும் செய்யமாட்டார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, எதிரில் இருக்கும் தன் வீட்டுக்காரர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்காரர் கடைசிச் சொட்டுச் சாற்றையும் குடித்துக் கிண்ணத்தைக் கீழே வைத்த பிறகுதான் தன் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொள்வார். அதற்குள் நூடுல்ஸ் ஊறிப் பெருத்துப் போயிருக்கும். மேலே எண்ணெய் ஆடை கட்டியிருக்கும்.

பரிமாறுகிறவளுக்கு இதைவிட எரிச்சல் வேறு இல்லை. அடுப்படியிலிருந்து ஓட்டமும் நடையுமாக, கட்டைவிரல் சுடச்சுடக் கொண்டுவருவது நான். இரண்டு வருஷம், வாரா வாரம் புதன்கிழமை, நான் கொண்டுவந்த சூடு அந்த மேஜையில் வீணாய்ப் போனது. எனக்கு அந்த அக்காவின் மேல் முதலில் வந்தது பாசம் இல்லை, கோபம்தான். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அடுப்படியில் எங்களுக்கு அவர் புதன்கிழமை அக்கா.

தொண்ணூறுகளின் கடைசி அது. நசரத்பேட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலை ஓரத்தில், முன்பு உரக்கடை இருந்த கட்டடத்தில், ஒரு ஜப்பான்காரர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை கட்ட வந்த ஜப்பான் இன்ஜினியர்களுக்குச் சமைத்துப் போட வந்தவர், ஊர் பிடித்துப்போய்த் தங்கிவிட்டார். ஆறு மேஜை. வாசலில் பாதி உயரத்துக்கு ஒரு நீலத்துணி தொங்கும். கடை திறந்திருக்கிறது என்பதற்கு அவர்கள் ஊர் அடையாளமாம். முதல் வாரம் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் அதைக் கழற்றி மடித்துக் கொண்டுவந்து, "துணி காஞ்சிபோச்சு நைனா, மழ வர்ற மாதிரி கீது" என்று முதலாளி கையில் கொடுத்தார். முதலாளி குனிந்து வணங்கி வாங்கிக்கொண்டு, அவர் போன பிறகு மறுபடி மாட்டினார்.

நான் உள்ளூர்க்காரி. எங்கள் நிலம் கிடங்கு கட்டுகிறவர்கள் கைக்குப் போய், அண்ணன் வேன் ஓட்டப் போய், நான் இந்தக் கடைக்கு வந்தேன். இருபத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை என்பதால் ஊரில் எல்லோருக்கும் என்னைப் பற்றிக் கவலை. எனக்கு மட்டும் அப்போது பசியைத் தவிர வேறு கவலை இல்லை. கடையில் கூட்டம் ஓய்ந்து, பாத்திரம் கழுவி, மூன்றரை மணிக்குப் பின்கட்டில் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து சாப்பிடுவேன். ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவேன். பேச ஆள் இல்லாத சாப்பாடு சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அக்கா பட்டாபிராமிலிருந்து வருவார். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருந்தார். ஆவடியில் ஒரு நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். பதினொன்றரைக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். பன்னிரண்டே முக்காலுக்கு நீலத்துணியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு உள்ளே வருவார். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி, புடவைத் தலைப்பில் எப்போதும் சாக்பீஸ் தூள். சுவரோரத்து மேஜையில், வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்காருவார்.

வீட்டுக்காரர் அந்தத் தொழிற்சாலையில் வேலை. ஜப்பான் மொழி படித்தவர், அதனால் இன்ஜினியர்களுக்கும் நம் ஆட்களுக்கும் நடுவில் பேச்சு மாற்றிச் சொல்வதும் அவர்தான். ஷிப்டு மாறி மாறி வருவதால் வாரம் முழுக்கத் தொழிற்சாலைப் பக்கமே அறை எடுத்துத் தங்குவார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் தூக்கம். புதன்கிழமை மட்டும் இன்ஜினியர்கள் வேனில் எங்கள் கடைக்குச் சாப்பிட வருவார்கள், அவரும் கூட வருவார். இந்த ஏற்பாடு தெரிந்த நாளிலிருந்து அக்காவும் வர ஆரம்பித்தார். வாரத்தில் இருவரும் விழித்திருந்து சேர்ந்து உட்காரும் நேரம் அந்த நாற்பது நிமிஷம்தான்.

அவர் கெட்டவர் இல்லை. சத்தம் போட்டு ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. மடிப்புக் கலையாத சட்டை, மெல்லிய குரல். வந்து உட்கார்ந்ததும், "பஸ்ல கூட்டமா?" என்பார். "இல்ல, உக்கார எடம் கெடச்சுது" என்பார் அக்கா. நின்றுகொண்டே வந்த நாளிலும் அதே பதில்தான். அதற்கப்புறம் அவர் சாப்பிடுவார். முடித்துக் கை துடைக்கும்போது பக்கத்து மேஜையிலிருந்து இன்ஜினியர்கள் எதற்காவது கூப்பிடுவார்கள். எழுந்து போய்விடுவார். அக்கா கிண்ணத்தை இழுத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கும்போது எதிர் நாற்காலியில் ஆள் இருக்காது.

ஒருநாள் நான் கெட்டிக்காரத்தனம் பண்ணினேன். வீட்டுக்காரருக்கு மட்டும் கிண்ணத்தை வைத்துவிட்டு, அக்காவுடையதைப் பத்து நிமிஷம் கழித்துக் கொண்டுவரலாம் என்று அடுப்படியிலேயே நிறுத்திவைத்தேன். அக்கா எழுந்தே வந்துவிட்டார்.

"ஏம்மா, எனக்கு எங்க?"

"நீ எப்டியும் அப்புறம்தானக்கா துன்னப்போற. சூடா இருக்கட்டுமேன்னுதான்."

"அது பரவால்ல. நீ ரெண்டையும் ஒண்ணாவே கொண்டா. ஒண்ணா வந்தாத்தானே ஒண்ணா சாப்பிட்ட மாதிரி."

கொண்டுபோய் வைத்தேன்.

அக்காவின் அப்பா ராணுவத் தொழிற்சாலை வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆவடிக்கு வந்தவராம். குவார்ட்டர்ஸில் வளர்ந்தும் அக்காவின் பேச்சில் ஊர் அப்படியே இருந்தது. வீட்டுக்காரரை 'அவுக' என்றுதான் சொல்வார். இப்படிக் காத்திருந்து சாப்பிடுகிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்கம்மாட்ட இருந்துதான். அப்பா சாப்பிட்டு எந்திரிக்காம அம்மா தட்டைத் தொடமாட்டா. கடைசியில படுத்த படுக்கையா கெடந்தப்பகூட, 'அப்பா சாப்பிட்டாச்சா?'ன்னு கேட்டுட்டுத்தான் கஞ்சிக்கு வாயத் தொறப்பா. அவ போயி ஆறு வருசம் ஆச்சு."

"அதெல்லாம் அந்தக் காலங்க்கா."

"காலம் என்ன காலம். பழகிட்டு. பசிச்சாலும் கை நீள மாட்டேங்குது."

வீட்டுக்காரர் வருவதற்கு முன்னால் இருக்கும் அரைமணி நேரத்தில்தான் அக்கா வேறு ஆளாக இருப்பார். வாய் ஓயாது. முதலாளியை அடுப்படி ஜன்னல் வழியாகக் கேள்விமேல் கேள்வி கேட்பார். என்னிடம் தமிழ் கற்றுக்கொண்ட பாவத்துக்கு, முதலாளி எங்கள் ஏரியாத் தமிழில்தான் பதில் சொல்வார்.

"சார், உங்க ஊர்ல புளி கிடைக்குமா?"

"புளி கெடயாது. பேஜார்."

"அப்போ கொண்டுதான் போவணும். வெயில் உண்டா?"

"வெயில் கீது. பனியும் கீது. நெறய கீது."

இந்த விசாரணைக்குக் காரணம் உண்டு. வீட்டுக்காரரை மூன்று வருஷத்துக்கு ஜப்பானிலுள்ள தலைமைத் தொழிற்சாலைக்கு அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு வந்திருந்தது. குடும்பத்தோடு போகலாம், வீடும் கொடுப்பார்கள். அக்காவுக்கு இது ஒரு சக ஊழியரின் மனைவி மூலமாகத் தெரிந்தது. வீட்டுக்காரர் வாய் திறக்கவில்லை. "உறுதியான பெறவு சொல்லுவாக" என்று அதற்கும் காத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தூங்குகிறவருக்கும் புதன்கிழமை எழுந்து போகிறவருக்கும் பதிலாக, மூன்று வருஷம் ஒரே வீட்டில் தினமும் சாப்பிட வருகிற ஒருவர் அக்காவுக்குக் கிடைக்கப்போகிறார். அதைத்தான் அக்கா ஜப்பான் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

குச்சியால் சாப்பிடக் கற்றுக்கொண்டார். பள்ளியில் இரண்டு பென்சிலை வைத்துப் பழகினாராம். "பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பாணி. டீச்சருக்குக் கை சரியில்லைன்னு வீட்ல போய்ச் சொல்லியிருக்கு ஒண்ணு." முதலாளி வெளியே வந்து அவர் சுண்டுவிரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுப்பார். மூன்று மாதத்தில் ஒற்றை வேர்க்கடலையைத் தூக்கினார். நானும் முதலாளியும் கைதட்டினோம். வீட்டுக்காரருக்கு அது தெரியாது. அக்கா குச்சியை எடுக்கும்போது அவர் எப்போதும் பக்கத்து மேஜையில் இருப்பார்.

மே மாதம் ஒரு புதன்கிழமை பையிலிருந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்துக் காட்டினார். ஆவடியில் ராணுவத்துப் பழைய கம்பளிச் சாமான் விற்கும் கடையில் வாங்கியது. பச்சை நிறம், ஆண்பிள்ளை அளவு. எங்கள் வற்புறுத்தலுக்காகப் போட்டுக் காட்டினார். வெளியே தார் உருகுகிற வெயில். கைகள் நீளமாகி விரல் தெரியவில்லை. நெற்றியில் வியர்வை ஓட, "எப்பிடி இருக்கு?" என்று கேட்டார். முதலாளி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். அக்காவும் சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன். வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் அவசர அவசரமாகக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை வேன் வந்தது, வீட்டுக்காரர் வரவில்லை. விசா வேலையாகச் சென்னைக்குப் போயிருக்கிறார், நேராக இங்கே வந்துவிடுவார் என்று டிரைவர் சொன்னார். விசா என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்திருந்தது. "என் பாஸ்போர்ட்டு வீட்ல பீரோவுல இருக்கே, அது வேண்டாமாக்கும்?" என்றார்.

நான் தேநீர்க் குவளைகளோடு நிற்கும்போதுதான் இன்ஜினியர்களில் மூத்தவர் எழுந்து வந்தார். தலை முழுக்க நரைத்த, எப்போதும் எனக்கும்கூட வணக்கம் சொல்கிற மனிதர். கையில் பூப்போட்ட காகிதத்தில் சுற்றிய ஒரு பெட்டி. அக்காவின் முன்னால் நின்று, முதுகை நன்றாக வளைத்து வணங்கி, இரண்டு கையாலும் நீட்டினார். தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அம்மாவுக்கு. சீக்கிரம் குணமாகட்டும். நீங்கள் ஜப்பான் வர முடியாதது வருத்தம். ஆனால் அம்மாவைப் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். நல்ல மகள்.

நம் ஊரில் இது ஒன்றுமே இல்லை. லீவுக்காகவும், வேண்டாத இடத்துக்குப் போகாமல் இருப்பதற்காகவும் எத்தனை பேர் எத்தனை அம்மாவைப் படுக்கவைத்திருக்கிறோம். நானே எங்கம்மாவுக்கு மூன்று முறை டைபாய்டு வரவைத்திருக்கிறேன். கேட்கிறவர்களும் "அப்படியா, பாத்துக்குங்க" என்று சொல்லி மறந்துவிடுவார்கள். அந்தத் தைரியத்தில்தான் வீட்டுக்காரரும் சொல்லியிருப்பார், மனைவியின் அம்மா படுக்கையில் இருக்கிறார், அவளால் வர முடியாது என்று. ஆனால் அவர்கள் ஊர்ப் பழக்கம் வேறு. தெரிந்தவர் வீட்டில் நோயாளி என்றால் கையில் எதையாவது கொண்டுபோய்க் கொடுத்து நலம் விசாரிக்காமல் இருக்கக்கூடாதாம். முதலாளி பிறகு சொன்னார். இத்தனை மொழி படித்த மனுஷனுக்கு அது ஞாபகம் வரவில்லை.

அக்கா எழுந்து நின்றார். ஒரு கணம் அந்தப் பெட்டியைப் பார்த்தார். நான் உண்மை வெளியே வந்துவிடும் என்றுதான் நினைத்தேன். வரட்டும் என்றும் நினைத்தேன். அக்கா இரண்டு கையாலும் பெட்டியை வாங்கிக்கொண்டு, முதலாளி கற்றுக்கொடுத்தபடி இடுப்பை வளைத்து வணங்கினார். "தேங்க்யூ சார். அம்மாகிட்ட சொல்லுதேன்" என்றார். பெரியவர் திருப்தியோடு தன் இடத்துக்குப் போனார்.

அக்கா உட்கார்ந்தார். பெட்டியை எதிர் நாற்காலியின் முன்னால் வைத்தார்.

"ஏம்மா, ஒரு கிண்ணம் கொண்டா."

"ஒண்ணாக்கா?"

"ஒண்ணுதான்."

முதலாளி புதிதாகத் தண்ணீர் கொதிக்கவைத்துப் போட்டுக் கொடுத்தார். நான் ஓடிப்போய் வைத்தேன். அக்கா குச்சியை எடுத்தார். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக வீட்டுக்காரர் சாப்பிடுவதற்கு முன்பே சாப்பிட்டார். கண்ணாடி போட்ட இன்ஜினியர்கள் எல்லோரும் நூடுல்ஸ் சாப்பிடும்போது கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொள்வார்கள். அக்காவுக்கு அந்தப் பழக்கம் இல்லை, தேவைப்பட்டதே இல்லை. கிண்ணத்தின்மேல் குனிந்ததும் தடித்த கண்ணாடி இரண்டிலும் ஆவி படிந்து வெள்ளையாகிவிட்டது. துடைக்கவில்லை. அப்படியே சாப்பிட்டார். உள்ளே கண் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கிண்ணத்தைத் தூக்கிச் சாற்றையும் குடித்து முடித்தார்.

வீட்டுக்காரர் வந்தபோது மணி ஒன்றே முக்கால். காலிக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"சாப்பிட்டுட்டியா?"

"ம். சூடா இருந்தா எப்பிடி இருக்கும்னு பாத்தேன்."

அவர் உட்கார்ந்தார். அக்கா பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அம்மாவுக்காம். பெரியவர் குடுத்தாக. சீக்கிரம் எந்திரிச்சு நடமாடணும்னு சொன்னாக."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்து மேஜையிலிருந்து பெரியவர் இவரைப் பார்த்து அன்பாகத் தலையசைத்தார். இவரும் அசைக்க வேண்டியிருந்தது. நான் அவருடைய கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தேன். அவர் குச்சியைத் தொடவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார், "அங்க வந்தா நீ தனியாத்தான்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

"ஆறிரும். சாப்பிடுங்க" என்றார் அக்கா. கைகள் மடியில் இருந்தன. வழக்கம்போல அவர் சாப்பிட்டு முடிக்கிற வரை எதிரே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அது ரொம்ப நேரம் பிடித்தது. ஆறிப்போனதைத்தான் அவர் சாப்பிட்டார்.

புறப்படும்போது அக்கா வாசலில் என்னை நிறுத்திப் பெட்டியைக் கையில் கொடுத்தார்.

"உங்கம்மா இருக்காகளா?"

"கீறாங்கக்கா."

"அவுகளுக்குக் குடு. யாராச்சும் ஒரு அம்மாவுக்குப் போய்ச் சேரட்டும்."

உள்ளே வரிசையாக, பயறை அரைத்துப் பூரணம் வைத்த இனிப்புகள். எங்கம்மா ஒன்றைக் கடித்துவிட்டு, "இன்னாடி இது, சக்கர போட்ட சுண்டலாட்டம் கீது" என்றாள். ஆனால் ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் தின்று தீர்த்தாள்.

அடுத்த புதன்கிழமை அக்கா வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. வேனில் வீட்டுக்காரர் வந்து இன்ஜினியர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் போனார். அப்புறம் அவரும் வரவில்லை. ஜப்பானுக்குப் போய்விட்டார் என்று டிரைவர் சொன்னார். சுவரோரத்து மேஜையைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் கோபமாக வரும். அக்காவின் மேலும் வரும். அன்றைக்கு எழுந்து நின்று ஒரு சத்தம் போட்டிருக்கக்கூடாதா என்று மனதுக்குள் சண்டை பிடிப்பேன்.

ஒரே ஒருமுறை வந்தார். வியாழக்கிழமை. வேன் வராத நாளாகப் பார்த்து வந்திருக்கிறார். இரண்டரை மணி, கடையில் யாரும் இல்லை. அதே மேஜை. ஆனால் வாசலுக்கு முதுகு காட்டும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீ சாப்பிட்டியா?"

"நான் மூணரைக்குத்தான் துன்வேன்க்கா."

"உக்காரு. ரெண்டு கிண்ணம் சொல்லு. ஒண்ணா வரட்டும்."

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாகத் தலையை ஆட்டிவிட்டு, தானே இரண்டையும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். இரண்டு வருஷம் நான் துடைத்த மேஜையில் அன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். அக்கா தன் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி, பென்சிலைக் கடிக்கிற ஒரு பையனைப் பற்றிச் சொன்னார். ஜப்பானைப் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை. ஸ்வெட்டரைப் பிரித்து, பள்ளியில் பிள்ளைகளுக்குக் கம்பளிப் பந்து செய்து கொடுத்துவிட்டாராம். "நல்ல நூலு" என்றார்.

பாதிக் கிண்ணம் சாப்பிட்டிருப்பார். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. என்னைப் பார்த்தார். எனக்குக் குச்சி சரியாக வராது, மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அக்கா குச்சிகளைக் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னாக்கா, துன்னு. ஆறிகினே கீது."

"பரவால்ல. நீ முடி."

இந்தப் பழக்கத்தைத்தான் நான் இரண்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். எனக்காக ஒருவர் தன் சாப்பாட்டை ஆறவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பது அதுதான் முதல் தடவை. அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமலே இருந்தது. அதை வாரா வாரம் பெற்றுக்கொண்டு பக்கத்து மேஜைக்கு எழுந்துபோன மனுஷனை நினைத்தேன். ஐந்து நிமிஷத்தில் சாப்பிட்டு முடிக்கிறவள் நான். குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கையாலேயே எடுத்துச் சாப்பிட்டிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும்.

நான் ஒவ்வொரு நூடுல்ஸ் இழையாக எடுத்துச் சாப்பிட்டேன். மூன்று மணி பூந்தமல்லி பஸ் போகும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்திருக்கவில்லை.